நாலரை வயதுப் பிள்ளைக்கு யோகா: எதை இப்போதே தொடங்கலாம், எதற்குப் பொறுக்க வேண்டும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு நாலரை வயது. பக்கத்துத் தெருவில் தொடங்கியிருக்கும் யோகா வகுப்பில் மூன்று வயதுப் பிள்ளைகளைக்கூடச் சேர்த்துக்கொள்கிறார்கள், நீங்களும் ஒரு மாதப் பணம் கட்டிவிட்டீர்கள், ஆறு மாதத்தில் சிரசாசனமே செய்ய வைத்துவிடுவேன் என்கிறார் ஆசிரியர். வீட்டில் மாமியாரோ எட்டு வயது ஆகாமல் பிள்ளைக்கு யோகா கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறாள், யோகா செய்தால் சரியாகுமா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, உங்களை எழுத வைத்ததே அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதனால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக.

சுருக்கமான பதில் இது: விளையாட்டாக என்றால் இன்றைக்கே தொடங்கலாம். பாடமாக, ஒழுங்குமுறையாக என்றால் ஏழு எட்டு வயது வரை பொறுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சிரசாசனமும் மூச்சை அடக்குவதும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

சென்னையில் பத்தொன்பது வருடமாக யோகா சொல்லித்தருகிறேன், அதில் பதினாலு வருடம் பிள்ளைகளுக்கும். நான் டாக்டர் இல்லை. உடம்பைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் பயிற்சிக் காலத்தில் படித்ததும், குழந்தைகள் நல மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். உங்கள் மகளுக்கு வலிப்பு, காதுத் தொல்லை, இழுப்பு, குடலிறக்கம் என்று ஏதாவது இருந்தால் என் பேச்சை இதோடு நிறுத்திவிட்டு முதலில் டாக்டரிடம் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பிடிப்பு குறைவாக இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. டாக்டர் பார்த்துச் சொல்லாமல் குட்டிக்கரணம்கூடப் போட வைக்காதீர்கள்.

சிரசாசனத்தை ஏன் இவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்கிறேன்? பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கும், வளர்ந்தவர்களுக்கு ஏழரையில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. நாலரை வயதில் உங்கள் மகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறாள். பெரிய தலை, மெல்லிய கழுத்து, இன்னும் இறுகாத தசைநார்கள். அந்தக் கழுத்தின் மேல் முழு உடம்பையும் நிற்க வைத்து அசையாதே என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் எனக்கு இதுவரை விளக்கவில்லை. தோளில் நின்று காலை மேலே தூக்குகிற சர்வாங்காசனம், அங்கிருந்து காலைத் தலைக்குப் பின்னால் இறக்குகிற ஹலாசனம் இரண்டுக்கும் இதே பதில்தான். "அவளே சோபாவில் தலைகீழாகத் தொங்குகிறாளே" என்பீர்கள். தொங்கட்டும். அவள் தொங்கும்போது பாரம் தலையில் இறங்குவதில்லை, ஒரு மாதிரி இருந்தால் அடுத்த நொடியே இறங்கிவிடுவாள். பெரியவர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணும்போது அந்த இறங்குகிற உரிமை அவளிடம் இல்லை.

கையும் அப்படித்தான். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாக எலும்பாக மாறி எல்லாமும் உருவாகப் பன்னிரண்டு வயது பக்கம் ஆகிவிடும். தவழ்வது, தவளை மாதிரி குதிப்பது, நாய் மாதிரி முதுகை நெளித்து நிற்பது இதெல்லாம் நல்லதுதான், பாரம் வந்து வந்து போகும். மயூராசனம் மாதிரி மொத்த எடையும் கையில் நிற்கிற வேலை இப்போது எதற்கு?

இன்னொன்று, பெற்றோர்கள் ரொம்பப் பெருமையாகச் சொல்வது: "காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள் சார், பிறவியிலேயே யோகா வருகிறது." இந்த வயதில் மூட்டுகள் தளர்வாக இருப்பதால் வருகிற வளைவு அது. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஓரளவு அப்படித்தான் வளைவார்கள், வளர வளர இறுகும். ஏற்கெனவே வளைகிற உடம்பை மேலும் வளைப்பதில் பயன் இல்லை. இந்த வயதுக்கு வேண்டியது பலமும் சமநிலையும். ஒற்றைக் காலில் நிற்பது, குந்தி உட்கார்ந்து எழுவது, கையைத் தரையில் ஊன்றி நண்டு மாதிரி நடப்பது. ரப்பர் மாதிரி வளைகிற பிள்ளையைப் பார்த்து எல்லோரும் கைதட்டுவார்கள், என் கண் போவதோ ஒற்றைக் காலில் நின்று தள்ளாடி, தானே சமாளித்து, மறுபடி நிற்கிற பிள்ளையின் மேல்தான்.

மூச்சுக்கு வருகிறேன், இதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்குக் கணக்கு இருக்கிறது: பூரகம், அதாவது மூச்சை இழுப்பது, 16 எண்ணுகிற நேரம்; கும்பகம், உள்ளே அடக்குவது, 64; ரேசகம், வெளியே விடுவது, 32. நம் ஊரில் யோகா சொல்லித்தருகிற பலருக்கும் இது மனப்பாடம், பெருமையாகவும் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் அது வருடக்கணக்காகப் பழகியவருக்கான அளவு. பழகுகிற பெரியவர்களில்கூடப் பலர் 64க்குப் பக்கத்தில் போவதில்லை. சும்மா இருக்கும்போது ஒரு பெரியவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார், நாலு வயதுப் பிள்ளை 20 முதல் 30 தடவை. அவளுடைய நுரையீரல் சின்னது, வேகம் வேறு. நம்முடைய எண்ணிக்கைக்கு அவளை இழுத்தால் தோளைத் தூக்கி, முகம் சிவந்து, மூச்சோடு சண்டை போடக் கற்றுக்கொள்வாள். சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மூச்சை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்குகிறவனையே அது கொன்றுவிடும் என்று ஹடயோக பிரதீபிகை எச்சரிப்பது பெரியவர்களைப் பார்த்து. அதே நூல் யாரெல்லாம் யோகம் பயிலலாம் என்று சொல்லும் இடத்தில் இளைஞர், முதியவர், மிக முதியவர், நோயாளி, பலவீனர் என்று அடுக்குகிறது, அந்த வரிசையில் குழந்தை இல்லை. அதைத் தடை என்று நான் படிக்கவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்து இந்த முறைகள் எழுதப்படவில்லை என்பது மட்டும் தெளிவு.

அதனால் மூச்சை வேகமாகத் தள்ளுகிற கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்குகிற கும்பகம் எதுவும் கிடையாது. அப்புறம் மூச்சுக்கு என்ன செய்வது? படுக்க வைத்து வயிற்றின் மேல் காகிதக் கப்பல் ஒன்றை வையுங்கள், அலையில் ஏறி இறங்குகிறதா பார் என்று சொல்லுங்கள். மல்லிப்பூவை மோந்து பார், சூடான பாலை ஊதி ஆற்று. மோப்பம் பிடிப்பது உள்மூச்சு, ஊதி ஆற்றுவது நீளமான வெளிமூச்சு, அவளுக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. வண்டு மாதிரி ரீங்காரம் செய்வது பிள்ளைகளுக்கு உயிர், அதில் வெளிமூச்சு தானாக நீண்டுவிடும். பயந்துபோயிருக்கும்போதோ அடம்பிடித்து அழுது ஓய்ந்தபிறகோ "வா, பால் ஆத்தலாம்" என்று என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தாங்களாகவே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எட்டு வயது. உங்கள் மாமியார் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. எட்டாம் வயதில் உபநயனம், அதோடு சந்தியாவந்தனம், அதற்குள் பிராணாயாமம் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. பீகாரில் முங்கேரை மையமாகக் கொண்ட யோகா குரு சத்தியானந்தரின் மரபிலும் எட்டு வயதை ஒட்டித்தான் சூரிய நமஸ்காரம், மூக்கின் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் மூச்சு விடுகிற நாடி சோதனம் எல்லாம் தொடங்குவார்கள். அதற்கு மூளையிலுள்ள பீனியல் சுரப்பியைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தக் காரணம் நிரூபணமானதாக எனக்குத் தெரியவில்லை, அதை நம்பி நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. ஆனால் எட்டு வயதில் உண்மையிலேயே ஒரு மாற்றம் வருவதை வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். வலது இடது குழப்பம் போய்விடும். மூன்று நாலு படிகளைச் சொன்னால் வரிசையாக நினைவில் வைத்துச் செய்வார்கள். முக்கியமாக, "இங்கே இழுக்கிறது, இங்கே வலிக்கிறது" என்று பிரித்துச் சொல்லத் தெரியும். நாலு வயதுப் பிள்ளைக்கு வலி, பயம், அலுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான், "வேணாம்". அதனால் ஒழுங்குமுறையான பயிற்சிக்கு மாமியார் சொன்ன கணக்கு சரி. ஓடி ஆடி விளையாடுகிற மாதிரியானதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். வீட்டில் இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள், அவரையும் பாயில் உட்கார வையுங்கள். பாட்டி உட்கார்ந்தால் பேத்தி வந்து மடியில் விழுவாள்.

"மைசூரில் சின்னப் பையன்கள் எல்லாம் செய்தார்களே" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள், உங்களிடமும் சொல்லலாம். யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் நடத்திய யோகசாலையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவரிடம் கற்றுப் பின்னால் பேர்பெற்றவர்களைப் பாருங்கள். பட்டாபி ஜோயிஸ் அவரிடம் சேர்ந்தது இந்த யோகசாலைக்கும் முன்னால், 1927இல், அப்போது ஜோயிஸுக்கு 12 வயது. பி.கே.எஸ். ஐயங்கார் 1934இல் போனபோது 15 வயது. நாலு வயதுக்காரர்களுக்கு இதை உதாரணமாகக் காட்ட முடியாது. 1938இல் எடுத்த ஊமைப் படத்தில் கிருஷ்ணமாச்சாரியாரின் சின்னப் பிள்ளைகளும் ஆசனம் செய்வார்கள், அது உண்மை. அங்கே சொல்லித்தந்தவர் பெற்ற தகப்பன், தினமும் கூடவே இருப்பவர். வாரம் இரண்டு நாள், இருபத்தைந்து பிள்ளைகள், ஒரே ஆசிரியர் என்கிற வகுப்பு வேறு விஷயம். நான் கற்றதும் அந்தப் பரம்பரையில் வந்த ஒருவரிடம்தான். அவர் எனக்குச் சொன்ன பாகுபாடு இன்றைக்கும் உதவுகிறது: வளர்கிற வயதுக்குச் சிருஷ்டி கிரமம், நடுவயதுக்கு ஸ்திதி கிரமம், முதுமைக்கு அந்திய கிரமம். வளர்கிற உடம்புக்கு அசைவுதான் பிரதானம், ஓர் ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பது. ஒரே நிலையில் நிறுத்திவைப்பது அப்புறம் வரவேண்டியது.

இதை நான் அறிந்தும் ஒருமுறை மீறினேன். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கிய புதிதில் ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு யோகா நிகழ்ச்சி கேட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், மேடையில் வரிசையாகச் சர்வாங்காசனம், பாட்டு முடிகிற வரை அசையக்கூடாது. மூன்று வாரம் தினமும் பழக்கினேன். ஒரு சின்னப் பையன் ஒத்திகையில் ஒன்றுமே சொல்லவில்லை, நன்றாகச் செய்தான், அவனைத்தான் மற்றவர்களுக்குக் காட்டினேன். விழாவுக்கு முந்தின நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தான். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவன் அம்மா கேட்டதற்கு, "சார் குட் சொன்னாரு" என்றான். நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. அவன் அதற்கப்புறம் பாயைப் பார்த்தாலே ஓடினான், அது சரியாகவில்லை. அன்றையிலிருந்து எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை நான் மேடை ஏற்றுவதில்லை.

இப்போது வீட்டில் எப்படித் தொடங்குவது என்பது. அவளை உட்கார வைத்துத் தொடங்காதீர்கள், நீங்கள் தொடங்குங்கள். பாயை விரித்து உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் செய்யுங்கள், அவளைக் கூப்பிட வேண்டாம். முதல் நாள் உங்கள் முதுகில் ஏறுவாள், இரண்டாம் நாள் காலுக்கு நடுவில் புகுந்து போவாள், நாலாம் நாள் பக்கத்தில் தன் துண்டை விரிப்பாள். இந்த வயதில் பிள்ளை காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது அதிகம். பத்து நிமிஷம் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், வெறுங்காலாக இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

என் வகுப்பில் சின்னவர்களோடு நாங்கள் தினமும் ஓர் ஊருக்குப் போவோம். ஒருநாள் காடு, ஒருநாள் கடற்கரை, ஒருநாள் ஆற்றங்கரைக் கோயில். சம்மணம் போட்டு "சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" ஆடித்தான் வண்டி கிளம்பும், அந்தப் பழைய ஆட்டத்திலேயே முதுகுத்தண்டும் இடுப்பும் இரண்டு பக்கமும் நன்றாக அசைந்துவிடும். வழியில் பூனை, பசு, பாம்பு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் வரும், ஒவ்வொன்றாக நாங்களே ஆகிவிடுவோம், சத்தத்தோடு. மரமாக நிற்கும்போது காற்று அடிக்கும், மரம் ஆட வேண்டும், அப்போதுதான் விழாமல் நிற்கப் பழகும். சிங்கம் வந்தால் நாக்கை முழுக்க நீட்டி உறுமலாம், பெரியவர்கள் திட்டமாட்டார்கள் என்பதால் இதற்குத்தான் ஏகப்பட்ட வரவேற்பு. நாய் மலையாக மாறினால் அதன் அடியில் ரயில் போகும், ஒவ்வொருவராகத் தவழ்ந்து போவார்கள். கால் நேராக இல்லை, முட்டி மடங்கியிருக்கிறது என்று ஒரு தடவைகூடத் திருத்தமாட்டேன். கடைசியில் படுத்துக்கொள்வோம், ஒன்று அல்லது இரண்டு நிமிஷம், கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயம் கிடையாது. குப்புறப் படுக்கிற பிள்ளை குப்புறப் படுக்கட்டும். தூரத்தில் கேட்கிற சத்தம் எது என்று காது கொடுத்துக் கேட்கச் சொல்வேன், காக்கா, குக்கர், பால்காரர் பைக். அந்த இரண்டு நிமிஷ அமைதிதான் அவர்களுக்கான தியானம், அதற்கு அந்தப் பெயரைக்கூட நான் சொல்வதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், யோகாவைத் தண்டனையாக்காதீர்கள். பிள்ளையார் முன்னால் சிரித்துக்கொண்டே தோப்புக்கரணம் போடுகிற பிள்ளை, வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதே தோப்புக்கரணம் போடச் சொன்னால் கூனிக்குறுகிப் போகும். அசைவு ஒன்றுதான், உடம்பு அதை வேறு மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளும். "குறும்பு செய்தால் பத்து நிமிஷம் பத்மாசனம்" என்று ஒரு வீட்டில் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உட்கார மாட்டேன் என்கிறாள் என்ற கவலைக்கு வருவோம். நாலரை வயதில் ஐந்து நிமிஷம் உட்காராமல் இருப்பது அந்த வயதின் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிஷமாவது உடம்பை அசைத்திருக்க வேண்டும், அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற ஓட்டம் ஆட்டம். திரை முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். முதலில் இந்த மூன்றையும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, வேனில் பள்ளிக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, வேனில் திரும்பி வருகிற பிள்ளைக்கு 180 நிமிஷம் எங்கிருந்து வரும்? அந்தக் குறையை வாரத்துக்கு இரண்டு யோகா வகுப்பு ஈடுகட்டாது. நொண்டியும் பாண்டியும் தட்டாமாலையும் ஈடுகட்டும்.

யோகாவால் பிள்ளைகளுக்குக் கவனம் கூடுகிறது, பதற்றம் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சில பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை, ஒவ்வொன்றிலும் பயிற்சி ஒரு விதம், காலம் ஒரு விதம். நம்பிக்கை தருகின்றன, வாக்குறுதி கொடுக்கப் போதாது. நன்றாக அசைந்து விளையாடிய பிள்ளை நன்றாகத் தூங்குகிறது, நன்றாகத் தூங்கிய பிள்ளை மறுநாள் பொறுமையாக இருக்கிறது, இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாள், பேச்சு வயதுக்கு ஏற்ப இல்லை, மற்ற பிள்ளைகளோடு சேருவதே இல்லை என்று உங்கள் மனதில் ஓரமாகச் சந்தேகம் இருந்தால் யோகாவைக் காரணம் காட்டி மாதங்களைக் கடத்தாதீர்கள், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

வகுப்பைப் பற்றி. பின்னால் உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுக்கப் பாருங்கள், பெற்றோர் பார்க்கக்கூடாது என்றால் அங்கே விட வேண்டாம். உடம்பைத் தொட்டு வளைக்கும் முன் ஆசிரியர் பிள்ளையிடம் கேட்கிறாரா, வேண்டாம் என்றால் கையை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். "பெரியவர்கள் என் உடம்பை எப்படி வேண்டுமானாலும் பிடித்து வளைக்கலாம்" என்கிற பாடத்தை எந்தப் பிள்ளையும் எந்த வகுப்பிலும் கற்கக்கூடாது. சான்றிதழ் கேளுங்கள், ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் 2018 முதல் தேர்வு வைத்துக் கொடுக்கிறது. ஆனால் அது யோகா தெரியும் என்பதற்கான சான்று, சின்னப் பிள்ளைகளோடு இருந்திருக்கிறாரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். போட்டி, பதக்கம், உலக சாதனை என்று சுவரில் படங்கள் மாட்டியிருந்தால், அதில் எத்தனை வயதுப் பிள்ளைகள் என்று பாருங்கள். 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது, பதின்வயதுப் பிள்ளைகள் அதில் விரும்பி இறங்கினால் நான் தடுக்கமாட்டேன். நாலு வயதுப் பிள்ளையை ஓர் ஆசனத்தில் இருபது நிமிஷம் நிறுத்திச் சாதனைச் சான்றிதழ் வாங்குவதை நான் எந்த மேடையிலும் எதிர்ப்பேன்.

பணம் கட்டிவிட்டீர்கள், போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நாளைக்கே அந்த ஆசிரியரிடம் பணிவாக, தெளிவாகச் சொல்லுங்கள்: தலையில் பாரம் வருகிற எதுவும் வேண்டாம், மூச்சை அடக்கச் சொல்ல வேண்டாம், அவள் முடியாது என்றால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். அவர் சரி என்று ஏற்றுக்கொண்டு, அடுத்த வகுப்பில் அப்படியே நடந்தும் காட்டினால் நல்ல ஆசிரியர், தொடருங்கள். "அப்படியெல்லாம் பார்த்தா யோகா வராதும்மா" என்றால் மிச்ச நாட்களுக்கான பணத்தை மறந்துவிடுங்கள், அதே நேரத்துக்கு அவளைப் பார்க்குக்குக் கூட்டிப்போய் ஓடவிடுங்கள். மாதம் ஒன்று போகட்டும், எப்படி இருக்கிறாள் என்று இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.